டெஸ் ஓக்லியின் இடது கண்

ரொவீனா பாஸ்கோவுக்குச் செத்த செல்கள் புதிதல்ல. இருபத்தெட்டு வருஷமாக ஹோபார்ட்டில் ஓர் ஆஸ்பத்திரியின் நாலாம் மாடியில் உட்கார்ந்து, ஊரார் உடம்பிலிருந்து உறிஞ்சி வரும் திரவங்களைக் கண்ணாடித் தகட்டில் பரப்பி, சாயம் ஏற்றி, நுண்ணோக்கியில் பார்த்து, நல்லதா கெட்டதா என்று எழுதுவதுதான் அவள் பிழைப்பு. வழியில் தாமதமானால் செல்கள் சாகும். வெயிலில் வைத்தால் சாகும். தப்பான புட்டியில் ஊற்றினால் சாகும். ஆனால் அந்தச் செவ்வாய்க்கிழமை தகட்டில் கிடந்தவை எந்தக் காரணமும் இல்லாமல் செத்துக் கிடந்தன. அதுதான் அவளைக் குடைந்தது.

தகட்டில் இருந்தது டெஸ்மண்ட் ஓக்லி என்ற அறுபத்தேழு வயது ஆட்டுப்பண்ணைக்காரரின் வலது விழியிலிருந்து எடுத்த கூழ். விழிக்குள் லிம்போமா என்னும் புற்றுநோய் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லிக் கண் டாக்டர் குவோக் அனுப்பியிருந்தார். 'அனுப்பியிருந்தார்' என்பது மரியாதைக்குச் சொல்வது. குவோக் கத்தியைக் கையில் எடுத்ததும் நாலாம் மாடிக்கு ஒரு போன் வரும். ரொவீனா தானே இறங்கிப் போய் அறுவை அறை வாசலில் நிற்பாள். ஒரு மில்லிகூட இல்லாத அந்தக் கூழை ஊசிக்குழாயோடு வாங்கிக்கொண்டு படியேறுவாள். லிஃப்டை நம்பமாட்டாள். ஒருமுறை இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவே லிஃப்ட் நின்று, உள்ளே அவளும் ஒருவரின் தண்டுவட நீரும் நாற்பது நிமிஷம் மாட்டிக்கொண்டதிலிருந்து இந்த வைராக்கியம்.

விழிக்குள் வரும் லிம்போமா ஒரு பெரிய வேஷக்காரன். கெட்டுப்போன வெள்ளணுக்கள் விழிக்கூழில் குடியேறிப் பார்வையைப் புகை மூட்டும். பார்க்கிற டாக்டருக்கோ அது சாதாரண அழற்சியாகவே தெரியும். அழற்சிக்கு ஸ்டீராய்டு மாத்திரை கொடுப்பார்கள். பத்து நாளில் புகை விலகும். டாக்டருக்கும் பெருமை, நோயாளிக்கும் சந்தோஷம். மாத்திரையை நிறுத்தினால் புகை திரும்பி வந்து உட்காரும். இப்படியே ஒரு வருஷம் ஓடும். அதற்குள் நோய் மூளைக்குள் போய்விடுவதும் உண்டு. இதில் பெரிய வம்பு என்னவென்றால், ஸ்டீராய்டு பட்டால் அந்தச் செல்கள் பொசுங்கிவிடும். எல்லாம் சாகாது, சாட்சி சொல்லக்கூடியவை செத்துவிடும். அதனால் கூழ் எடுப்பதற்குச் சில வாரம் முன்பே மாத்திரையை நிறுத்தச் சொல்வது வழக்கம்.

டெஸ் நிறுத்தி இருபத்துமூன்று நாள் ஆயிற்று என்று குவோக்கின் சீட்டில் தெளிவாக எழுதியிருந்தது. ஆனால் தகட்டில் ஸ்டீராய்டு சாப்பிட்ட செல்களின் பிணம். உடைந்த ஓடு, கரைந்த கரு, சாயம் ஏறாத சாம்பல்.

அவள் முதலில் தன்னைத்தான் சந்தேகப்பட்டாள். ஊட்டத் திரவம் பழையதா என்று புட்டியின் தேதியைப் பார்த்தாள். சுழற்றும் கருவியின் வேகத்தைச் சரிபார்த்தாள். அதே நாளில் அதே திரவத்தில் போட்ட வேறொருவரின் செல்கள் கொழுக் மொழுக்கென்று இருந்தன. மெல்போர்னுக்கு அனுப்பிய மிச்சத்தில் இரண்டு புரதங்களின் விகிதத்தைப் பார்த்திருந்தார்கள். அது லிம்போமா பக்கம் சாய்ந்தது. சாய்ந்ததே தவிர விழவில்லை. அதை மட்டும் நம்பி ஒரு மனுஷனின் கண்ணுக்குள் புற்றுநோய் மருந்தை ஏற்ற குவோக் தயாராக இல்லை. 'முடிவு சொல்லப் போதவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டபோது ரொவீனாவுக்கு மனசே ஆறவில்லை.

வலது கண்ணில் இனி எடுக்கக் கூழ் இல்லை. இருப்பது இடது கண். டெஸ் கொஞ்சமாவது உலகத்தைப் பார்ப்பது அதனால்தான். கத்தி பட்டால் அதுவும் போகலாம். அதிலிருந்து வருவதும் செத்தே வந்தால் மூன்றாவது கண் சிவபெருமானுக்குத்தான் உண்டு, ஓட்லண்ட்ஸ் ஊர்ப் பக்கத்து ஆட்டுக்காரருக்குக் கிடையாது. அடுத்த வியாழக்கிழமை இடது கண் என்று நாள் குறித்தாகிவிட்டது.

நாலாம் மாடிக்காரர்கள் நோயாளியின் முகத்தைப் பார்ப்பதில்லை. சட்டம் ஒன்றுமில்லை, பழக்கம். முகம் தெரிந்தால் தகடு பொய் சொல்லும் என்பார்கள். ரொவீனா அந்தப் பழக்கத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு, திங்கட்கிழமை டெஸ் சோதனைக்கு வரும்போது தானும் ஓர் ஓரத்தில் உட்காரலாமா என்று குவோக்கிடம் கேட்டாள். குவோக் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, கேள்வி கேட்கலாம், ஆனால் போலீஸ்காரி மாதிரி கேட்கக்கூடாது என்றார்.

டெஸ் கதவு நிலையைத் தோளால் இடித்துக்கொண்டுதான் உள்ளே வந்தார். நெடிய ஆள். வெளியூர் போவதற்கென்றே வைத்திருக்கும் சட்டையைப் போட்டிருந்தார். பின்னால் அவர் மனைவி ஹேசல், கையில் கார்ச் சாவியோடு. அவர் கார் ஓட்டுவதை நிறுத்தி மூன்று மாசம் ஆகிறதாம். ரொவீனா போலீஸ்காரியாகத்தான் கேட்டாள். கண் சொட்டு மருந்து ஏதாவது? இல்லை. மூச்சிழுப்புக்கு உறிஞ்சுகிற மருந்து? இல்லை. முட்டியில் ஊசி? தோலுக்குக் களிம்பு? பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்த மூலிகைப் பொடி? எதுவும் இல்லை. சீட்டில் சொன்ன நாளன்றே தன் மாத்திரையை நிறுத்தியாகிவிட்டது என்று டெஸ் திருத்தமாகச் சொன்னார். மிச்ச மாத்திரையை அன்றைக்கே மருந்துக்கடையில் திருப்பிக் கொடுத்ததாக ஹேசலும் சொன்னாள். இரண்டு பேரும் பொய் சொல்கிற முகமாக இல்லை. ரொவீனா தோற்றுப்போனாள்.

டெஸ்ஸின் கண்மணியை விரிக்கச் சொட்டு மருந்து விட்டுக் காக்க வைத்தார்கள். வண்டியில் நாய் இருக்கிறது, தண்ணீர் காட்ட வேண்டும் என்று ஹேசல் எழுந்தாள். ரொவீனாவும் கூடவே இறங்கினாள். ஒரு தேநீராவது குடிக்கலாம் என்பதைத் தவிர அவளுக்கு அப்போது வேறு எண்ணம் இல்லை.

வண்டியின் பின்தட்டில் செம்பழுப்பு கெல்பி ஜாதி நாய் ஒன்று சங்கிலியோடு உட்கார்ந்திருந்தது. பேர் ஃப்ளாஸ். உட்கார்ந்திருந்தது என்பதைவிடச் சொறிந்துகொண்டிருந்தது என்பதே சரி. விலாவில் உள்ளங்கை அகலத்துக்கு மயிர் கொட்டி, தோல் சிவந்து, ஒரு இடத்தில் ரத்தம் கசிந்தது. தண்ணீர் வைத்தால் ஒரு வாய் நக்கிவிட்டு மறுபடியும் சொறிந்தது.

புல் அரிப்பு, வருஷா வருஷம் வருவதுதான் என்றாள் ஹேசல். இந்தத் தடவை டிசம்பரில் மாட்டு டாக்டர் கொடுத்த மாத்திரை அருமையாகக் கேட்டதாம். பிறகு என்ன ஆயிற்றோ, பழகிப்போய் வேலை செய்யவில்லை என்று டெஸ் சொன்னாராம். நாய்க்குச் சோறு, மருந்து எல்லாம் அவர் பொறுப்பு. மற்றவர்கள் கை வைத்தால் அவருக்குக் கோபம் வரும்.

"நூறு மாத்திரை டப்பா," என்றாள் ஹேசல், கிண்ணத்தைக் கவிழ்த்தபடி. "தினம் ஒண்ணு. மூணு மாசத்துக்கு வரணும். ஒரு மாசத்துல காலி. போற வழியில புது டப்பா வாங்கணும்னு காலையில இருந்து டெஸ் நச்சரிக்கிறான்."

ரொவீனா நாயைப் பார்த்தாள். பிறகு மாத்திரையின் பேர் என்ன என்று கேட்டாள். ஹேசல் கிண்ணத்தைப் பின்தட்டில் வைத்தாள். அவள் முகத்தில் கணக்கு ஓடுவதை ரொவீனா பார்த்தாள்.

"அதே பேருதான்," என்றாள் ஹேசல் கடைசியில். "டெஸ்ஸுக்குக் குடுத்த அதே பேரு. எனக்கு ஒரே பேருன்னு தெரியும். தெரிஞ்சும் தோணல."

மேலே போனதும் ஹேசல் சுற்றி வளைக்கவில்லை. கண்மணி விரிந்து, எதிரில் யார் இருக்கிறார்கள் என்றே தெரியாமல் உட்கார்ந்திருந்த புருஷன் முன்னால் போய் நின்றாள்.

"டெஸ், நாயோட மாத்திரைய யாரு தின்னது?"

டெஸ் குவோக் இருக்கும் திசையைக் குத்துமதிப்பாகப் பார்த்து, "நீங்க என் மாத்திரைய நிறுத்தச் சொன்னீங்க," என்றார். "நிறுத்திட்டேன். நாயோடதைப் பத்தி யாரும் ஒண்ணும் சொல்லலையே."

குவோக் பேனாவைக் கீழே வைத்தார். எத்தனை போட்டீர்கள் என்று கேட்டார். தினம் நாலு என்றார் டெஸ். ஏன் நாலு?

"நாய் இருபது கிலோ. அதுக்கு ஒண்ணு. நான் எண்பத்தஞ்சு. நாலே கால் வருது. கால் மாத்திரைய உடைக்கத் தெரியல, விட்டுட்டேன்."

அறையில் யாரும் சிரிக்கவில்லை, ஆனால் சிரிப்பு எல்லார் தொண்டையிலும் வந்து நின்றது. நாற்பது வருஷமாக ஆட்டை எடை போட்டு, கிலோவுக்கு இத்தனை மில்லி என்று குடற்புழு மருந்தை வாயில் ஊற்றியே பழகிய கை அது. தன்னையும் எடை போட்டு ஊற்றிக்கொண்டுவிட்டது. முழு ஸ்டீராய்டு வைத்தியம், அதுவும் எந்த டாக்டரும் யோசித்துக் கொடுக்கிற பெரிய அளவு. கூழ் எடுத்த அன்று காலையிலும் நாலு போட்டுக்கொண்டுதான் வந்திருக்கிறார். செல்கள் சாகாமல் என்ன செய்யும்?

ரொவீனாவுக்குச் சந்தோஷம் பொங்கியது. தன் கை தப்பு செய்யவில்லை, திரவம் கெடவில்லை, தகடு பொய் சொல்லவில்லை. அடுத்த நொடியே அந்தச் சந்தோஷத்தை நினைத்து வெட்கமாக இருந்தது. எதிரில் ஒரு மனுஷன் களவு செய்து பிடிபட்ட பள்ளிப்பிள்ளையாகக் கைகளை முட்டியில் வைத்து உட்கார்ந்திருந்தார்.

ஏன் செய்தீர்கள் என்று ரொவீனாதான் கேட்டாள்.

"நாய்ப் போட்டி இருந்துச்சு," என்றார் டெஸ். "மூணு ஆட்டை அது பட்டிக்கு ஓட்டிட்டு வரணும், நான் நின்ன இடத்துல இருந்து விசிலடிக்கணும். அம்பது கஜம் தாண்டினா எனக்கு எல்லாம் ஒரே புகை. அது திரும்பித் திரும்பி என்னைப் பாக்கும். அது பாக்குதுன்னு எனக்குத் தெரியும், நான்தான் அதைப் பாக்கல. அதைத் தாங்க முடியல. மாத்திரை போட்டு ஒரு வாரத்துல தெரிய ஆரம்பிச்சுது. ரெண்டாவது வந்தோம்."

மாநிலப் போட்டி இன்னும் மூன்று வாரத்தில். புது டப்பாவுக்கு நச்சரித்தது அதற்காகத்தான்.

குவோக் மெதுவாகத்தான் பேசினார். வியாழக்கிழமை அறுவை கிடையாது. மாத்திரை தீர்ந்தது நாலு நாளுக்கு முன்பு என்றால் அன்றிலிருந்து முழுசாக ஆறு வாரம் காக்க வேண்டும். உள்ளே இருப்பவை மறுபடியும் தலைதூக்கட்டும். அவ்வளவு பெரிய அளவைத் திடீரென்று நிறுத்தியதால் உடம்பு தடுமாறுகிறதா என்று ரத்தமும் பார்க்க வேண்டும். அந்த வாரங்களில் பார்வை இன்னும் மோசமாகும். நோய் சும்மா இருக்கும் என்றும் சொல்ல முடியாது.

"தலைக்கு ஏறிடுமா?" என்று டெஸ் கேட்டார்.

ஏறலாம் என்றார் குவோக். இப்போதைக்கு மூளை ஸ்கேன் சுத்தம். அறுவைக்கு முன்னால் இன்னொன்று எடுப்போம்.

டெஸ் ஹேசல் இருந்த பக்கம் திரும்பினார். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் ரொவீனா தன் வேலைக்கு ஆகாத ஒன்றைச் செய்தாள். நாற்காலியை இழுத்து, தன் முகம் அவருக்குத் தெரிகிற தூரத்தில் போட்டு உட்கார்ந்தாள்.

"உங்க கண்ணுல இருந்து வந்ததைப் பாத்தவ நான்தான். எல்லாம் செத்துக் கிடந்துச்சு. இடது கண்ணும் அப்படியே வந்தா எனக்குப் பாக்க வேற ஒண்ணும் இல்ல. உங்களுக்குக் குடுக்கவும் வேற ஒண்ணும் இல்ல. எனக்கு அது உயிரோட வேணும்."

டெஸ் அவளை ரொம்ப நேரம் பார்த்தார், அல்லது பார்க்க முயன்றார். பிறகு தலையை ஆட்டினார். மாநிலப் போட்டியைப் பற்றி அதன் பிறகு அவர் யாரிடமும் பேசவில்லை.

புது டப்பா ஹேசலின் சமையலறை அலமாரிக்குள் போயிற்று, சாவி அவள் கழுத்துச் சங்கிலியில். காலையில் ஒரு மாத்திரையை வெண்ணெய்க்குள் வைத்து நாய்க்கு அவளே கொடுத்தாள். அது முழுங்கும்வரை நின்று பார்ப்பாளாம். ரொவீனா திங்கள்தோறும் போன் செய்தாள். பழக்கத்தைத்தான் தூக்கிப் போட்டாயிற்றே. முதல் வாரம் டெஸ் தேநீரைக் கோப்பைக்கு வெளியே ஊற்றினார். இரண்டாம் வாரம் கம்பி வேலியில் கையைக் கிழித்துக்கொண்டார். மூன்றாம் வாரம் பக்கத்துப் பண்ணைக்காரர் வந்து, போட்டிக்கு நாயைத் தான் கூட்டிப் போகிறேன் என்று கேட்டார். டெஸ் வேண்டாம் என்றுவிட்டார். அந்த ஞாயிற்றுக்கிழமை முழுக்க அவரும் ஃப்ளாஸும் கொட்டகைச் சுவரோரம் வெயிலில் உட்கார்ந்திருந்தார்கள். அதன் விலாவில் மயிர் முளைத்திருப்பதைக் கையால் தடவித் தெரிந்துகொண்டார் என்று சொல்லும்போது ஹேசலின் குரல் உடைந்தது. ரொவீனா போனை வைத்துவிட்டு, இந்த ஆறு வாரத்துக்குள் அவர் தலைக்குள் ஏதாவது முளைத்தால் அதற்குத் தானும் காரணம் என்று நினைத்தாள்.

இரண்டாவது ஸ்கேனும் சுத்தமாக வந்தது. இடது கண்ணில் புகை அடர்ந்திருந்தது. குவோக்கின் போன் வந்ததும் ரொவீனா இறங்கினாள், வாங்கினாள், ஏறினாள். ஆறு நிமிஷம். பாதியை ஊட்டத் திரவத்தில் விட்டாள். பாதியைச் சுழற்றி, பரப்பி, சாயம் ஏற்றிக் காய வைத்தாள். காய்கிற நேரத்தில் கை சும்மா இருக்க மாட்டாமல் மேஜையைத் துடைத்தாள். துடைத்த மேஜையையே மறுபடியும் துடைத்தாள்.

பிறகு குனிந்து பார்த்தாள்.

உயிரோடு இருந்தன. பெரிய பெரிய செல்கள், ஒவ்வொன்றும் அக்கம்பக்கத்து நல்ல அணுவைப் போல மூன்று மடங்கு. கரு பிதுங்கி, மடிந்து, உள்ளே கரும்புள்ளிகள் பளிச்சென்று. நுண்ணோக்கியின் வட்டத்துக்குள் தெரிந்தவற்றை எண்ணிக்கொண்டாள். அழகாக இருந்தன, அதை அவள் மறைக்க விரும்பவில்லை. சாட்சிகள் கூண்டில் ஏறி நின்று தங்கள் பேரைத் தாங்களே சொல்லிக்கொண்டிருந்தன. "வந்துட்டீங்களா," என்று வாய்விட்டுச் சொன்னாள். சொன்ன பிறகுதான், வந்திருப்பது ஒருவருடைய புற்றுநோய் என்பது நெஞ்சில் தைத்தது. கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சற்று நேரம் அழுதாள்.

மரபணுச் சோதனையும் அதையே சொன்னது. சேதியை டெஸ்ஸிடம் சொன்னது குவோக். டெஸ் கேட்ட முதல் கேள்வி, அந்த நாலாம் மாடி அம்மாவுக்கு அது உயிரோடு கிடைத்ததா என்பதுதானாம்.

மருந்து தொடங்கியது. இரண்டு கண்ணிலும் ஊசி, முதலில் வாரம் இரண்டு, பிறகு வாரம் ஒன்று, பிறகு மாதம் ஒன்று. ஊசி போடும் முன் கண்ணின் முன்னறையிலிருந்து ஒரு துளி நீரை எடுத்து மேலே அனுப்புவார்கள். அந்தக் கெட்ட செல்கள் கசியவிடும் புரதம் அதில் எவ்வளவு இருக்கிறது என்று கருவி ஓர் எண் சொல்லும். டெஸ்ஸின் இடது கண் அறுநூற்று நாற்பதில் தொடங்கியது. பிறகு இருநூற்றுப் பத்து. பிறகு நாற்பத்தைந்து. வலது கண்ணில் அதைவிட வேகமாக இறங்கியது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை தலை ஸ்கேன். புகை விலகியது. ஒருநாள் ஹேசல் போன் செய்து, அவன் வேலிக்கு அந்தப் பக்கம் நிற்கிற ஆட்டின் காதுச் சீட்டைப் படித்துவிட்டான் என்று சொன்னாள்.

ஏழாம் மாதம் ஊசி முடிந்த கையோடு டெஸ் நாலாம் மாடிக்கு ஏறி வந்தார், படிவழியாக. அந்தத் தகட்டைப் பார்க்க வேண்டும் என்றார். ரொவீனா யோசித்தாள். பிறகு இழுப்பறையிலிருந்து எடுத்து நுண்ணோக்கியில் வைத்து, எந்தத் திருகைத் திருப்ப வேண்டும் என்று காட்டிக் கொடுத்தாள்.

அவர் இடது கண்ணைத்தான் வைத்தார். அந்தக் கண்ணுக்குள் இருந்ததை அந்தக் கண்ணே பார்த்தது. அசையாமல் குனிந்திருந்தார். உதடு மட்டும் அசைந்தது. மந்தையைக் கதவு வழியாக விடும்போது மூன்று மூன்றாக எண்ணுவார்களே, அப்படி எண்ணுகிறார் என்று அவளுக்குக் கொஞ்சம் கழித்துத்தான் புரிந்தது.

"முப்பத்தெட்டு," என்றார் நிமிர்ந்து.

"அந்த வட்டத்துல நாப்பத்தொண்ணு," என்றாள் ரொவீனா. "மூணு விட்டுட்டீங்க."

டெஸ் அதற்கு வெட்கப்படவில்லை. அது எப்போதும் நடப்பதுதான் என்றார். மயிர் கத்தரிக்க மந்தையை ஓட்டி வரும்போது ஒன்றிரண்டு புதருக்குள் நின்றுவிடும். எண்ணிக்கை சரியென்று எல்லாரும் வீட்டுக்குப் போய்விடுவார்கள். அடுத்த வருஷம் அது இரண்டு வருஷ மயிரோடு ஆடி அசைந்து வரும். சொல்லிவிட்டுக் கருவிப் பக்கம் பார்த்தார். இன்றைய எண் என்ன என்று கேட்டார்.

இன்றைக்கு இரண்டு கண்ணிலும் கருவிக்கு ஒன்றும் அகப்படவில்லை என்றாள் அவள். முதல் தடவை.

டெஸ் சிரிக்கவில்லை. தொப்பியைக் கையில் சுழற்றினார்.

"உன் மெஷினும் மூணை விடுமா?"

குவோக்காக இருந்தால் வேறு விதமாகச் சொல்லியிருப்பார். ரொவீனாவுக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. அவர் முகத்தை நேராகப் பார்த்தாள். அவரும் பார்த்தார், இரண்டு கண்ணாலும்.

"விடலாம், டெஸ்."

"சரி," என்றார் அவர். "அப்ப அடுத்த மாசமும் எண்ணு."